பில்லுக்குப் பச்சைப் பட்டினி

போன வருடம் மே மாதக் கடைசி நாள் எனக்குச் சால்வை போர்த்தி, சந்தன மாலை போட்டு, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து ஆபீஸிலிருந்து வழியனுப்பினார்கள். கடிகாரத்துக்குள் பேட்டரி இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் வாங்கிப் போட்டேன். ஓய்வுக் காலத்தின் முதல் தொடர் செலவு அதுதான். ஆகவே ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: ஆபீஸில் என்ன வாங்கித் தரலாம் என்று கேட்டால் எவர்சில்வர் அண்டாவாகக் கேளுங்கள். அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், வருடாந்தர சர்வீஸும் கிடையாது.

மற்ற யோசனைகள் எல்லாம் ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டியவை. கணக்கெழுத ஒரு நோட்டு வேண்டும். கடையில் வாங்கிவிடாதீர்கள். பழைய டைரியில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும், போதும். வீட்டுக்குத் தவறாமல் வருகிற பில்களை அதில் வரிசையாக எழுதுங்கள். ஈ.பி., காஸ், பால், கேபிள், நெட், செல்போன் மூன்று, பேப்பர், தண்ணி கேன், வீட்டு வரி. எழுதி முடித்ததும் சம்சாரத்திடம் காட்டாதீர்கள். நான் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சமயபுரத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சிக்கனத்துக்கு வெளியூர் போய் குரு தேட வேண்டாம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் 28 நாள் எங்கள் மாரியாத்தாளுக்குப் பச்சைப் பட்டினி விரதம். மற்ற ஊர்களில் சாமிக்காக ஜனங்கள் விரதம் இருப்பார்கள். இங்கே ஜனங்களுக்காக அவள் இருக்கிறாள். அந்த நாட்களில் வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அதோடு சரி. "அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் பார், சிலிண்டர் அப்படியே மிச்சம்" என்றேன். சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எனக்கும் சேர்த்து.

அந்தப் பட்டினியை நாம் அப்படியே காப்பியடிக்கவும் முடியாது. ஆத்தாளுக்குப் பின்பலம் இருக்கிறது. கோயில்களில் பயன்பாட்டில் இல்லாத காணிக்கை நகைகளை மும்பையில் உருக்கிக் கட்டியாக்கி ஸ்டேட் பாங்கில் போட்டுவைத்திருக்கிறார்கள். 2025-இல் அரசு சொன்ன கணக்குப்படி 21 கோயில்களுக்குச் சேர்த்து 1,074 கிலோ. அதில் சமயபுரத்தாளுடையது மட்டும் 424 கிலோ. 21 கோயிலுக்கும் வருடத்துக்கு வட்டி 17.81 கோடி ரூபாய். முதலைத் தொடாமல் வட்டியில் காலம் தள்ளுவது என்று எல்லா ஓய்வூதிய ஆலோசகர்களும் சொல்கிறார்களே, அதைச் செய்து காட்டியிருப்பவள் அவள் ஒருத்திதான். எனக்கு வருவது பி.எஃப். பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகையை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஆயிரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் நானும் நின்றுகொண்டிருக்கிறேன். வீட்டிலும் பயன்பாட்டில் இல்லாத இரண்டு வளையல் இருப்பது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்த அன்று ராத்திரி எனக்கும் பச்சைப் பட்டினி.

முதல் படி, கரண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஓடிக் களைத்தது இந்த மைதானத்தில்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 2016-இல் ஜெயலலிதா பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டது. அதற்கு மேலே படிப்படியாக ஏறும். 499-வது யூனிட் வரைக்கும் நீங்கள் ஏழை. ஐந்நூறு வரைக்கும் பொறுத்துக்கொள்வார்கள். 501 ஆனதும் பணக்காரராகிவிடுவீர்கள், அதுவும் முன் தேதியிட்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஐந்நூறைத் தாண்டினால் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய், அதுவும் 4 ரூபாய் 50 காசாகிவிடுகிறது. ஆக அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பள்ளம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இந்த ரகசியம் தெரிந்த நாளிலிருந்து நான் மீட்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். காலையில் பல் விளக்கியதும் ஒரு ரீடிங், படுக்கப்போகும் முன் ஒரு ரீடிங். அயர்ன் பாக்ஸ் எவ்வளவு சாப்பிடும், மிக்ஸி எவ்வளவு சாப்பிடும் என்று தனித்தனியாகக் குறித்தேன். ஐம்பத்தாறாம் நாள் 471. நாளைக்கு ஐந்து யூனிட் என்று வைத்தாலும் அறுபதாம் நாள் 491. மனசுக்குள் விசில் அடித்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகள் இரண்டும் வந்து இறங்கினார்கள். சித்திரைத் தேர் பார்க்க வந்தார்களாம். சித்திரை மாதத்துச் சமயபுரம் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. "தாத்தா, ஏசி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே பெரியவன் ரிமோட்டைக் கண்டுபிடித்துவிட்டான். அதை நான் அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன்.

அடுத்த மூன்று நாள் நடந்ததைப் போர்க்கால நடவடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜை ராத்திரி நிறுத்தினேன், பால் திரிந்தது. மோட்டார் போடாமல் அடிபம்பில் நாலு குடம் அடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது, தைலம் 85 ரூபாய். பேரன்களை வாசலில் உட்கார வைத்து, அந்தக் காலத்தில் நாங்கள் பனையோலை விசிறியில்தான் படித்தோம் என்று கதை சொன்னேன். "பாவம் தாத்தா" என்றார்கள். உள்ளே போய் பதினெட்டில் வைத்தார்கள். அறுபதாம் நாள் மீட்டர் 498. வாசலிலேயே நின்றேன். ரீடிங் எடுக்கிறவர் வரவில்லை. மறுநாள் திருவிழாக் கூட்டத்தில் வண்டி நுழைய முடியவில்லையாம். அதற்கடுத்த நாள் சாவகாசமாக வந்து, மெஷினைக் காட்டி, துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 506. "ஆறே ஆறு யூனிட் சார்" என்றேன். "ஆமா சார், ஆறுதான்" என்று அவரும் ஒத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த ஆறு யூனிட்டுக்கும் தைலத்துக்கும் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேலே.

சோலார் போடலாமே என்பார்கள். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள். நல்ல திட்டம், தயங்காமல் போடுங்கள். போட்ட பணம் திரும்பி வரச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் பேரன்களும் தனியாக ரூம் கேட்பார்கள். மாடிக்கென்று இரண்டாவது மீட்டர் வாங்கி 100 யூனிட் இலவசத்தை இரட்டிப்பாக்கும் கலையைப் பற்றி இங்கே எழுத முடியாது. மின்வாரியத்திலும் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி, பால். ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60, நீலம் 40. இந்தப் படி ஒரே நாளில் சம்சாரத்தால் ரத்து செய்யப்பட்டது.

மூன்றாம் படி, செல்போன். தமிழ் மாதங்களில் 29 நாள் உண்டு, 32 நாளும் உண்டு. செல்போன் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளும் மாதத்துக்கு 28 நாள். அதன்படி வருடத்துக்குப் பதின்மூன்று மாதம். நம் சம்பளமும் பென்ஷனும் பன்னிரண்டு முறைதான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? 28 நாள் தானே பட்டினி கிடப்பவள் ஆத்தாள். 28 நாளுக்கொரு முறை நம்மைப் பட்டினி போடுகிறவர்கள் இவர்கள். இது எனக்கு மட்டும் தோன்றிய குறையல்ல. 2022-இல் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் தலையிட்டு, முப்பது நாள் பிளான் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அந்தப் பிளான் செயலியில் எல்லாவற்றுக்கும் கீழே, கட்டைவிரல் தேய்ந்த பிறகு கிடைக்கும். பொறுமையாகத் தள்ளிக்கொண்டே போங்கள். ஓய்வுக் காலம்தானே.

நான்காம் படியில் என் மூளை நன்றாக வேலை செய்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு டிக்கெட், சம்சாரத்துக்கு இல்லை. ஆகவே வெளிவேலை எல்லாம் இனி அவள் பொறுப்பு என்று பிரித்துக்கொடுத்தேன். அவளும் உடனே சம்மதித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வங்கி வேலைக்குத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிறவள், அங்கிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கும் பெரிய கடைவீதியைப் பார்க்காமல் வருவாளா? வெங்காயத்துக்கென்று காந்தி மார்க்கெட் போனால் வெங்காயத்தோடு பித்தளைக் காமாட்சி விளக்கும் வரும். "பஸ்ஸுக்குத்தான் காசு இல்லையே, அதுல மிச்சம் புடிச்சதுங்க" என்பாள். பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரத்து நானூறுக்கு விளக்கு. கணக்கு எங்கோ இடிக்கிறது என்று தெரியும், எங்கே என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

ஐந்தாம் படியை நான் பரிந்துரைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து சமயபுரத்தில் நாள் முழுவதும் அன்னதானம். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் 2012-லேயே வந்துவிட்டது. மதியம் சமயபுரத்தில், ராத்திரி ஸ்ரீரங்கத்தில் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் அடுப்பே வேண்டாம் என்று டைரியில் எழுதினேன். சம்சாரம் லால்குடிக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை தைரியமாகப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டியிருந்தார். பாதத்தில் பாளம் பாளமாக வெடிப்பு, அதில் மஞ்சள் அப்பியிருந்தது. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தாராம். சாம்பார் ஊற்றுகிறவர் என்னைத் தாண்டிப் போனபோது, "இவருக்கு ஊத்துங்க தம்பி, பசியா இருப்பாரு" என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எம்புட்டு தூரத்திலேருந்துங்க ஐயா?" என்றார். இரண்டு தெரு தள்ளி என்று சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் தூரம்தாம்மா" என்றேன். வெளியே வரும்போது அன்னதான உண்டியலில் 200 ரூபாய் போட்டேன். அவ்வளவு விலைக்கு ஊரில் எந்த மெஸ்ஸிலும் சாப்பாடு இல்லை.

ஓய்வுக்கென்று சமயபுரத்தில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் நானில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சள அரசர் வீர சோமேசுவரர் ராஜ்யத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். அவர் தங்கியது துவாரசமுத்திரத்தில் இல்லை, இங்கே, கண்ணனூரில். எங்கள் பேரூராட்சிக்கு இன்றும் ச. கண்ணனூர் என்றுதான் பெயர். வந்தவர் சும்மா இருந்தாரா? ஒரு பெரிய கோயிலைக் கட்டினார். போசளீசுவரம் என்று இருந்தது இப்போது போஜீஸ்வரர் கோயிலாகிவிட்டது. பிறகு பாண்டியன் படையெடுத்து வந்தான். சண்டையில் சோமேசுவரர் மாண்டார். ஜெயித்த சடையவர்மன் சுந்தர பாண்டியன் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்து பெயரெடுத்தான். இதிலிருந்து ஓய்வூதியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது: சொத்தைப் பிரித்த பிறகு கட்டடம் கட்டாதீர்கள்.

குறைக்கக் கூடாத பில் ஒன்றே ஒன்று உண்டு, மருத்துவக் காப்பீடு. அதில் நான் கை வைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று அவர்களே குறைத்துவிட்டார்கள். அறுபது வயதுக்குப் பிறகு அதைத் தவணை தவறவிட்டுவிட்டு, திரும்பச் சேரலாம் என்று போய் நிற்காதீர்கள். இது மட்டும் தமாஷ் இல்லை.

ஏழு மாதம் முடிந்ததும் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். கேபிளில் இரண்டு பேக்கேஜ் நீக்கியது, நெட்டை மெதுவாக்கியது, பேப்பரைப் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டது, பார்க்காமலேயே மாதாமாதம் கணக்கில் பிடித்துக்கொண்டிருந்த சினிமாச் செயலியைக் கண்டுபிடித்து வெட்டியது எல்லாம் சேர்த்து மிச்சம் 9,340 ரூபாய். பெருமையோடு டைரியை நீட்டினேன். சம்சாரம் பதிலே பேசாமல் பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து நீள சைஸ் நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். மொய் நோட்டு.

பச்சை பைண்டு, ஓரம் எலி கடித்தது. முதல் பக்கத்தில் எங்கள் கல்யாணத்துக்கு வந்த மொய், என் சித்தப்பா கையெழுத்தில். 51 ரூபாய், 101 ரூபாய், "எவர்சில்வர் குடம் ஒன்று, பேர் வெட்டியது." ஒவ்வொன்றுக்கும் எதிரே நாங்கள் திருப்பிச் செய்தது அவள் கையெழுத்தில். ஐம்பத்தொன்று ஐந்நூறாகி, ஆயிரமாகி, கடைசிப் பக்கத்தில் இரண்டாயிரமாகி நின்றது. அந்த ஏழு மாதத்தில் மட்டும் கல்யாணம் பதினொன்று, காதுகுத்து நாலு, புதுமனை மூன்று, துக்கத்துக்குக் கோடி ஏழு, மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் ஒன்று. கூட்டினால் 68,000 சொச்சம். "இதுக்கெல்லாம் யாரும் பில்லு அனுப்ப மாட்டாங்கங்க" என்றாள். "இவ்வளவுதானா?" என்று அன்றைக்குக் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இங்கேதான் நான் ஆறாம் படியில் கால் வைத்தேன். யாரும் வைக்காதீர்கள். லால்குடியில் என் அக்கா இருக்கிறார். அறுபத்தாறு வயது. அவருக்கே பேத்தி எடுத்தாகிவிட்டது. ஆனாலும் வருடா வருடம் பொங்கலுக்கு நான் சீர் கொண்டுபோக வேண்டும்: பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, வெற்றிலை பாக்கில் வைத்துப் பணம். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை, கூட்டினால் 4,200. நாற்பது வருடமாகச் செய்தாயிற்று, இனி ஓய்வூதியக்காரன், அக்காவுக்குப் புரியாதா என்று முடிவெடுத்தேன். போகவில்லை. செல்போனிலேயே 501 ரூபாய் அனுப்பினேன். ஒரு ரூபாய் சேர்த்துத்தான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "வந்துச்சு தம்பி" என்று மட்டும் போனில் சொன்னார். சம்சாரமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தது சங்கடமாக இருந்தது.

தைப்பூசத்தன்று ராத்திரி கொள்ளிடக் கரைக்குப் போயிருந்தோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சமயபுரத்தாள் ஸ்ரீரங்கத்து ரங்கநாதருக்குத் தங்கை. தைப்பூசத்துக்கு அவள் புறப்பட்டுக் கொள்ளிடத்து வடகரைக்கு வந்து இறங்குவாள். அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரும். பட்டு, மாலை, மஞ்சள், பழம் எல்லாம் தட்டுத் தட்டாக மணலில் இறங்கி வந்ததைக் கூட்டத்தில் நின்று எக்கிப் பார்த்தேன். என்ன வந்தது, எத்தனை தட்டு என்று பக்கத்தில் இரண்டு கிழவிகள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். 424 கிலோ தங்கம் வைத்திருக்கிறவள், 28 நாள் பச்சைத் தண்ணீரில் காலம் தள்ளுகிறவள், அண்ணன் சீருக்காகப் புறப்பட்டு வந்து ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கிறாள். கொடுக்கிறவரோ, எத்தனை யுகமாகப் படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. உலகத்தில் அவரைவிட நீண்ட ஓய்வில் இருப்பவர் எவரும் இல்லை.

சம்சாரம் என் பக்கம் திரும்பி, "ஏங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சமயபுரம் கடைத்தெருவிலேயே கரும்பு வாங்கினேன். குழந்தை வரம் கிடைத்தவர்கள் கரும்புத் தொட்டில் கட்ட வருவதால் இங்கே கரும்புக்குப் பஞ்சமில்லை. ஐந்து கரும்பை வெட்டாமல் தோளில் சாய்த்துக்கொண்டு, நம்பர் ஒன் டோல்கேட்டில் பஸ் மாறி, கண்டக்டரிடம் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் வாங்கி, லால்குடியில் இறங்கினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "வா தம்பி. கரும்பு இன்னுமா கிடைக்குது?" என்றார்.

கிடைக்கிறது. இந்த வழிகாட்டியில் உருப்படியாகப் பணம் மிச்சமாகும் யோசனை ஒன்றாவது வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்: பொங்கல் முடிந்தபின் கரும்பு பாதி விலை.